வாக்கு எண்ணிக்கையைப் பார்வையிட: பிரிட்டனின் அடையாள அட்டையா, ஜெர்மனியின் திறந்த கதவா?

பிரிட்டனில் 16 வயது நிரம்பிய எவரும் தேர்தல் பார்வையாளராகலாம். தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பித்து, நடத்தை விதிகளை ஏற்றுக் கையெழுத்திட்டால் அட்டை வந்துவிடும், கட்டணமில்லை. ஜெர்மனியில் அட்டையே வேண்டாம். வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரை யார் வேண்டுமானாலும் வாக்குச்சாவடிக்குள் நிற்கலாம். என் ஓட்டு ஜெர்மனிக்கே. நுழைவது சுலபம் என்பதற்காக அல்ல, எண்ணிக்கை நடக்கும் இடத்துக்காக.

அங்கே மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே அறையில் பெட்டியைத் திறக்கிறார்கள். கொஞ்சம் முன்னதாகவே போய்விட வேண்டும். முதலில் கவனிக்க வேண்டியது, மொத்தச் சீட்டுகளும் வாக்காளர் பட்டியலில் போட்ட குறிகளும் ஒத்துப்போகின்றனவா என்பதை. பிறகு சீட்டுகளை அடுக்கடுக்காகப் பிரித்து எண்ணுவார்கள். முடிவைச் சாவடித் தலைவர் வாய்விட்டு அறிவிப்பார். அதைக் கட்சிவாரியாகக் குறித்துக்கொண்டு, பின்னர் வெளியாகும் சாவடிவாரிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். எண்ணியது சரியாக இருந்தும், போனில் சொல்லும்போதோ வரி மாறிப் பதியும்போதோ தப்பு நுழைவதுண்டு. 2025 நாடாளுமன்றத் தேர்தலில் சாரா வாகன்க்னெக்ட் கூட்டணி என்ற கட்சி, நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான 5 சதவீத வரம்பைச் சுமார் 9,500 வாக்குகளில் தவறவிட்டது. சில சாவடிகளில் அதன் வாக்குகள், பெயர் ஒத்த ‘பூண்ட்னிஸ் டாய்ச்லாண்ட்’ கட்சியின் கணக்கில் ஏறியிருந்து, பிறகு திருத்தப்பட்டன. சாவடிவாரிக் கணக்கு இல்லாத இடத்தில் இந்த மாதிரித் தப்பை எங்கே போய்த் தேடுவது?

இதற்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது. 2005 தேர்தலில் பயன்பட்ட மின்னணு இயந்திரங்களை, அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று தீர்ப்பளித்தது. தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே காரணம்.

பிரிட்டனில் இரவு 10 மணிக்குப் பெட்டி முத்திரையோடு பொது அரங்குக்குப் போகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சீட்டுகள் என்று சாவடி அதிகாரியின் கணக்கோடு சரிபார்ப்பார்கள். அதோடு தடம் அறுந்துவிடுகிறது: குறைந்தது இன்னொரு பெட்டியின் சீட்டுகளோடு கலக்காமல் எண்ணக்கூடாது என்பது விதி. சின்ன ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வெளியே தெரியாமலிருக்க இது உதவும், நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பகல் முழுக்க ஒரு சாவடியில் உட்கார்ந்தவரால் அதன் வாக்குகளைக் கடைசிவரை பின்தொடர முடியாது. மறு எண்ணிக்கை கேட்கும் உரிமையும் வேட்பாளருக்கும் அவருடைய தேர்தல் முகவருக்கும்தான்.

தபால் வாக்கில் பிரிட்டனே மேல். உறையோடு வரும் படிவத்தின் கையெழுத்தையும் பிறந்த தேதியையும் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். பார்வையாளர் அதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் உறுதிமொழிக் கையெழுத்து உண்டு, ஒப்பிட மாதிரிக் கையெழுத்து இல்லை. தபால் மோசடிதான் கவலை என்றால் அட்டைக்கே விண்ணப்பியுங்கள்.

திறந்த கதவு குளறுபடியைத் தடுத்துவிடாது. 2021-இல் பெர்லினில் வாக்குச்சீட்டு தீர்ந்தது, வேறு தொகுதிச் சீட்டுகள் வந்தன, 6 மணிக்குப் பிறகும் வரிசை நின்றது. மாநிலத் தேர்தலை 2023 பிப்ரவரி 12 அன்று முழுவதுமாகத் திரும்ப நடத்தினார்கள். எண்ணிக்கைக்கு மட்டும் வருகிறவர் கண்ணில் இவற்றில் பாதி படாது. மதியமே ஒருமுறை போய், வரிசையின் நீளத்தையும் மேசையில் மீதமிருக்கும் சீட்டுக் கட்டுகளையும் பார்த்துவிட வேண்டும்.