ஜெர்மன் பி.ஏ. சேர்க்கைக்காக 1,40,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம்

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் நான், என் மகளின் மேற்படிப்புக்காகக் கிழக்குத் தில்லியில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்திடம் 1,40,000 ரூபாய் கட்டி ஏமாந்ததோடு, அவளுடைய ஒரு கல்வியாண்டையும் பறிகொடுத்திருக்கிறேன். பிள்ளைகளை மொழிப் படிப்பில் சேர்க்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் நாங்கள் அங்கே போனபோது மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையும் பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நிறுவனத்தை நடத்துபவர் தமிழர். "சார், நம்ம பொண்ணு, நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொன்னதும், இந்தி பேசும் முகவரிடம் கட்டாயம் கேட்டிருக்கக்கூடிய எழுத்துமூல ஒப்பந்தத்தை அவரிடம் நான் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் பி1 நிலைச் சான்றிதழ் (மொழித் திறனின் ஆறு படிகளில் மூன்றாவது), ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. இடம், அங்கே கல்விக் கட்டண விலக்கு ஆகிய மூன்றையும் வாங்கித் தருவதாக அவர் வாக்களித்தார்.

முதல் வாக்குறுதி பொய் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்திருக்கலாம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பன்னிரண்டு வாரம் வகுப்பு நடந்தது. மொத்தம் 72 மணி நேரம், அதாவது 45 நிமிடப் பாடவேளைகளாக 96. பி1 நிலையை எட்ட 350 முதல் 650 பாடவேளைகள் வரை தேவைப்படும் என்று ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனமே சொல்கிறது. 96 பாடவேளைகள் ஏ1 என்னும் முதல் படிக்குத்தான் காணும். முடிவில் அவர்கள் கொடுத்த 'பி1 சான்றிதழ்' அவர்களே அச்சிட்டுக் கையெழுத்திட்ட காகிதம். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளிலும் தனித்தனியே நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டிய கோத்தே தேர்வுக்கு என் மகளை அவர்கள் அனுப்பவே இல்லை.

கட்டண விலக்குக்கு மட்டும் 40,000 ரூபாய் வாங்கினார்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடம் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குவது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. இல்லாத கட்டணத்திலிருந்து விலக்கு வாங்கித் தருவதற்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன். இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவர்களுக்குப் பொதுவாக அங்கே நேரடி பி.ஏ. இடம் கிடைக்காது என்பதையும், இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் குறைந்தது ஓராண்டு படித்திருக்க வேண்டும் அல்லது அங்கே ஆயத்தப் படிப்பில் தேற வேண்டும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

ஆனால் என்னை இன்றும் உறுத்துவது பணம் அல்ல. 2025 மார்ச்சில் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி.யின் விண்ணப்பம் திறந்திருந்தபோது, "ஜெர்மனி உறுதியான பிறகு அது எதற்கு?" என்று அவர் தடுத்தார், நாங்களும் விட்டுவிட்டோம். 2022 முதல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.ஏ. மொழிப் படிப்புகளுக்கும், தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியப் படிப்புகளுக்கும் அந்தத் தேர்வே வாசல். நேரு பல்கலைக்கழகத்தில் அந்த மொழியை முன்பே கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. முதலாண்டில் எழுத்திலிருந்தே தொடங்குகிறார்கள். வீட்டிலிருந்து மெட்ரோவில் போய்ப் படிக்கக்கூடிய படிப்பை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்.

மே மாதம் 'சேர்க்கைக் கடிதம்' வந்தது. என் மகள்தான் அதிலிருந்த 'ஷ்ப்ராஹ்ஷூலே' என்ற சொல்லைக் காட்டி, "அப்பா, இது யுனிவர்சிட்டி இல்ல, லாங்வேஜ் ஸ்கூல்" என்றாள். அந்த 72 மணி நேரத்தில் கற்றது அதற்காவது உதவியது. கடிதத்தில் பட்டப்படிப்பு என்ற பேச்சே இல்லை. பணம் கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் தனியார் மொழிப்பள்ளி அது. இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்து விசாவுக்கு முன் பெற வேண்டிய ஏ.பி.எஸ். சான்றுக்கென்றும் 30,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அதற்கு விண்ணப்பித்த எண்ணைக் கேட்டதிலிருந்து அவர் என் அழைப்பை எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்த பிறகு 35,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மனுக்கட்டணம் கிடையாது, வழக்குரைஞரும் கட்டாயமில்லை. வங்கிவழியாகச் செலுத்திய 90,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறது. அவருடைய சொந்தக் கைபேசி எண்ணுக்கு யு.பி.ஐ. மூலம் அனுப்பிய 50,000 ரூபாயைக் 'கைமாற்றுக் கடன்' என்று எதிர்மனுவில் எழுதியிருக்கிறார்.