மைண்ட்லைனும் 1771உம்: பேச இடமில்லாத வீட்டிலிருந்து உதவி கேட்கும் மாணவருக்கு

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம், அதாவது கோவிட் வீட்டடங்கு. பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலி), பல்கலைக்கழக விரிவுரைகள் எல்லாம் ஸூமுக்குப் போயின. அப்பாவின் அலுவலகம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது, தம்பியின் பாடம் படுக்கையறைக்கு வந்தது. ஏப்ரல் 10ஆம் தேதி தேசிய அளவில் மனநல ஆதரவுக்கான தொலைபேசிச் சேவை தொடங்கியது. மிகவும் தேவைப்பட்ட ஏற்பாடு. ஆனால் அது வாய்விட்டுப் பேச வேண்டிய சேவை. வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொல்ல நினைக்கும் பிள்ளைக்கு, சண்டை போட்டவர்களே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கையில் குரல் எழும்பாது.

அதே ஆண்டு வந்த மைண்ட்லைன் மனநல இணையத்தளத்தையும், 2025 ஜூனில் தொடங்கிய தேசிய மைண்ட்லைன் 1771 உதவிச் சேவையையும் நாங்கள் இந்தக் கண்கொண்டே பார்க்கிறோம். மூன்று படுக்கையறை, ஐந்து பேர், கதவைத் தாளிட்டால் “என்ன ரகசியம்?” என்று கேட்கும் வீடு. அங்கிருந்து ஒரு மாணவர் சத்தமில்லாமல் உதவி கேட்க முடியுமா?

முடியும். 1771இன் பெரிய பலம் அது. 24 மணி நேரமும் அந்த எண்ணை அழைக்கலாம். 6669 1771 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். இணையத்தளத்திலும் எழுத்தில் உரையாடலாம். வீட்டிலிருக்கும் மாணவருக்கு எங்கள் பரிந்துரை வாட்ஸ்அப்.

முதல் செய்தியை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து உரையாடல் நகரும். வெறும் ‘ஹலோ’ போட்டுவிட்டுக் காத்திருந்தால் அறிமுகக் கேள்விகளிலேயே நேரம் போய்விடும். வயது, படிப்பு, இன்று நடந்தது, இப்போது பேச முடியுமா எழுத மட்டுமா, பாதுகாப்பாக இருக்கிறீர்களா, இந்த ஐந்தையும் ஒரே செய்தியில் போடுங்கள். “19 வயது, பாலி இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து தினமும் சத்தம். இன்று மடிக்கணினியைப் பிடுங்கிவிட்டார், நாளை தேர்வு. யாரும் அடிக்கவில்லை. எழுத மட்டும் முடியும்.” இவ்வளவு போதும். தமிழில் உரையாட வேண்டுமென்றால் அதையும் முதல் செய்தியிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சிக்கல் பெரும்பாலும் கைப்பேசியில்தான் வரும். வீட்டுக் கணினியில் எப்போதோ திறந்த வாட்ஸ்அப் வெப் இன்னும் இணைந்தே இருந்தால், நீங்கள் எழுதுவது அப்படியே கூடத்துத் திரையில் தெரியும். எழுதத் தொடங்குமுன் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலைத் திறந்து, தேவையில்லாதவற்றிலிருந்து வெளியேறுங்கள். அறிவிப்பில் செய்தியின் வாசகம் தெரியாதபடி மாற்றுங்கள். அந்த உரையாடலுக்கு மட்டும் தனிப் பூட்டுப் போடும் வசதியும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

பேசியே ஆக வேண்டும் என்று தோன்றினால் பலர் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கறைக்குள், போகிறார்கள். சத்தம் வெளியே குறைவாகத்தான் கேட்கும், உண்மை. ஆனால் கனமான கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் சமிக்ஞையையும் அடைத்துவிடும், அழைப்பு பாதியில் அறுந்துபோகும். அழுதுகொண்டிருப்பவருக்கு அந்தத் துண்டிப்பு கொடுமையானது. புளோக்கின் கீழ்த்தளமோ மாடிப்படியோ மேல். ஷெல்டருக்குள்ளிருந்து எழுதினாலும் கடிகாரக் குறியோடு நிற்கும் செய்தி போகவே இல்லை. பதில் வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

இணையத்தளத்தோடு 2020இலேயே இணைக்கப்பட்ட வைசா, பெங்களூரில் உருவான உரையாடு செயலி. இரவு இரண்டு மணிக்கு மூச்சுப் பயிற்சிக்கும், “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று சுழலும் எண்ணத்தை நிறுத்திப் பார்க்கவும் கைகொடுக்கும். அது எண்ணத்தைத் திருத்தும் முறையில் இயங்குவது. வீட்டில் உண்மையாகவே கத்தல் நடக்கும்போது, திருத்த வேண்டியது பிள்ளையின் எண்ணத்தை அல்ல. அந்த நேரத்தில் செயலியை மூடிவிட்டு ஓர் ஆளிடம் போங்கள்.

சுயமதிப்பீடுகளிலும் இதே குறை. இவ்வகையில் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒரு வல்லுநரைப் பார்ப்பது நல்லது. சாவு, தன்னைக் காயப்படுத்துவது பற்றிய எண்ணங்களைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்குச் சுழியத்தைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் உடனே பேச வேண்டும். ஆனால் தூக்கமின்மையும் கவனச் சிதறலும் மனச்சோர்வாலும் வரலாம், தம்பியோடு பகிரும் அறையாலும் வரலாம். மதிப்பெண் இரண்டையும் பிரித்துக் காட்டாது. அந்த ஒன்பதில் வீட்டுச் சூழலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது.

குடும்பங்களின் மீள்திறனை ஆராய்ந்த ஃபுரோமா வால்ஷ் மூன்றைப் பார்க்கச் சொல்கிறார்: துன்பத்தைக் குடும்பம் எப்படிப் புரிந்துகொள்கிறது, வீடு எப்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது, ஒருவருக்கொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள். 1771 மூன்றாவதற்கு நன்றாகவே உதவும். அம்மாவிடம் எந்த நேரத்தில், எந்தச் சொல்லில் தொடங்குவது என்று கேட்டு ஒத்திகை பார்க்கலாம். இரண்டாவது, யார் எந்த மேசையில் எத்தனை மணிக்கு, தேர்வு நேரத்தில் தொலைக்காட்சி உண்டா, பாட்டியை யார் கவனிப்பது என்பதெல்லாம், வீட்டார் கூடி உட்கார்ந்தால்தான் தீரும். தனியாக ஒரு பிள்ளை குறுஞ்செய்தியில் தீர்க்கக்கூடியதல்ல. இந்தச் சேவையின் மிகப் பெரிய இடைவெளி இது. பிள்ளையைத் தேற்றி அதே வீட்டுக்குள் திருப்பி அனுப்புவது பாதி வேலை.

மீதிப் பாதிக்கு, 1 பீட்டி சாலையில் இருக்கும், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தை நாடலாம். பெற்றோரை “உங்களுக்குக் கவுன்சலிங் வேணும்” என்று அழைத்தால் வரமாட்டார்கள். “என் படிப்பு விஷயமாப் பேசணும், நீங்களும் வாங்கப்பா” என்றால் பல அப்பாக்கள் வருவார்கள். அது பொய்யும் அல்ல.

எல்லைக்கு அப்பால் மலேசியாவில் வீடுள்ள மாணவர்களின் நிலை வேறு. 2020 மார்ச்சில் அடைபட்ட ஜொகூர் தரைவழி, தடுப்பூசி போட்டவர்களுக்காக 2021 நவம்பர் 29இல் ஓரளவு திறந்தது. பரவலாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1இல். இங்கேயே தங்க நேர்ந்தவர்களுக்குத் தனியறை கிடைத்தது, பேச வீட்டார் இல்லை. இவர்களுக்கு ஒரே ஆளைத் தொடர்ந்து பார்க்க முடிகிற கல்லூரி ஆலோசகர்தான் பொருத்தம். தேர்வு வாரம் வரை காத்திருந்தால் இடம் கிடைப்பது கடினம், பருவத் தொடக்கத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

1771க்கு எங்கள் மதிப்பீடு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது குடும்பத்தையும் சேர்த்து அமர்த்தும் வழி இல்லாததற்கு.

கைநீட்டல் இருந்தால் 1771 அல்ல, வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800 777 0000; அதுவும் 24 மணி நேரச் சேவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, எழுதுவதற்கு 9151 1767. உடனடி ஆபத்தென்றால் காவல்துறைக்கு 999 அல்லது ஆம்புலன்ஸுக்கு 995. இந்த எண்களைத் தேவை வருவதற்கு முன்பே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.