விபத்துப் பதிவேடு: 48 மணி நேரக் கணக்கா, சிகிச்சைக் கணக்கா?

அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கீழ் ஓசூரிலோ ஒரகடத்திலோ இயங்கும் தொழிற்சாலையில் ஒரே காயத்தை இரண்டு ஏடுகளில் எழுத வேண்டிய நிலை எளிதில் ஏற்படும். ஒன்று இந்தியச் சட்டம் கேட்பது. மற்றொன்று, அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளை ஒட்டித் தலைமையகம் கேட்பது. ஓஷாவின் விதிகள் இங்கே சட்டமாகச் செல்லாது என்றாலும், ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகத்தை மதிப்பிடுவது அந்த ஏட்டிலிருந்து வரும் காய எண்ணிக்கையை வைத்துத்தான் என்பதால், இரண்டில் எதை அடிப்படை ஏடாக வைப்பது என்ற கேள்வி எழுகிறது.

இரண்டு முறைகளும் பிரியும் இடம் வரம்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 88ஆம் பிரிவின்படி, மரணத்தையும், காயம்பட்டவரை 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய விடாமல் தடுக்கும் விபத்தையும் அரசுக்குத் தெரிவிக்கச் சொன்னது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே வரம்பைத்தான் வைத்திருக்கிறது. தொழிலாளி எவ்வளவு நேரம் வேலைக்கு வரவில்லை என்பதே இங்கு அளவுகோல். ஓஷாவோ, முதலுதவிக்கு மேற்பட்ட சிகிச்சை தேவைப்பட்டதா, ஒரு நாளாவது விடுப்பு எடுக்க நேர்ந்ததா, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் வேறு வேலைக்கு மாற்றப்பட்டாரா, நினைவிழந்தாரா என்று கேட்டு, இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் 7 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது.

இந்த வேறுபாடு காகிதத்தில் சிறிதாகத் தோன்றும். ஆனால் பிரஸ் பிரிவில் விரல் நசுங்கியவரை மறுநாளே நிறுவன வண்டியில் அழைத்து வந்து, ஸ்டோரில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வருகைப் பதிவேட்டில் ஆஜர் காட்டிவிட்டால், 48 மணி நேரக் கணக்கில் அந்தக் காயம் மறைந்துபோக வழியுண்டு. சட்டம் சொல்வது வேலை செய்ய முடியாமையை. அதை வருகையாகச் சுருக்கிப் படிப்பது நிர்வாகத்தின் வசதிக்காக. ஓஷா முறையில் இந்தத் தந்திரம் பலிக்காது. நாற்காலியில் உட்கார வைத்த நாட்களே ‘மட்டுப்படுத்தப்பட்ட வேலை’ என்ற தனிக் கட்டத்தில் ஏறிவிடும். அந்த நாட்களும் விடுப்பு நாட்களும் ஞாயிறு, பண்டிகை உட்பட நாட்காட்டிப்படி, 180 என்ற உச்சவரம்பு வரை எண்ணப்படும்.

ஆனாலும் ஓஷா முறை ஓட்டையில்லாதது அன்று. வெட்டுக்காயத்தைத் தையல் போட்டோ மருத்துவப் பசையால் ஒட்டியோ மூடினால் அது மருத்துவச் சிகிச்சை. ஒட்டுப் பட்டையால் மூடினால் அது முதலுதவி, பதிவு தேவையில்லை. எனவே ‘தையல் அவசியமா, டாக்டர்?’ என்று உடன் சென்ற அதிகாரி கேட்கும் சபலம் அங்கே உண்டு. ஒன்றில் நாற்காலியும் மற்றொன்றில் ஒட்டுப் பட்டையும் ஏட்டை மெலிய வைக்கின்றன.

இந்திய முறையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயின் படிவம் 11 என்னும் விபத்துப் பதிவேடு தொழிலாளியின் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. விபத்து நாள் நீங்கலாகக் குறைந்தது 3 நாட்கள் வேலை செய்ய முடியாதவருக்கு ஊதியத்தில் 90 சதவீதம் உதவித்தொகை கிடைக்க, வேலையின்போது நேர்ந்த காயம் என்பதற்கு அந்தப் பதிவு முக்கியச் சான்றாகும். ஓஷா ஏட்டுக்கு இந்தக் கடமை இல்லை. அதில் எழுதுவதால் எவர் மீதும் தவறு உறுதியாவதுமில்லை, இழப்பீட்டு உரிமை பிறப்பதுமில்லை. தலைமையகத்துக்காக ஓஷா ஏட்டை மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டுப் படிவம் 11ஐ மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் நிர்வாகம், தொழிலாளிக்கு உண்மையில் உதவும் ஏட்டைத்தான் கைவிடுகிறது.

விகிதக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3786 பத்து லட்சம் மனித மணி நேரத்துக்கு, அதாவது எல்லோரும் சேர்ந்து உழைத்த நேரத்துக்கு, எத்தனை காயங்கள் என்று கணக்கிடுகிறது. ஓஷா 2,00,000 மணி நேரத்துக்கு, அதாவது 100 பேர் வாரம் 40 மணி வீதம் 50 வாரங்கள் உழைக்கும் நேரத்துக்குக் கணக்கிடுகிறது. 12,00,000 மணி நேரம் உழைத்த ஓர் ஆலையில் ஓஷா முறைப்படி 6 காயங்களும், 48 மணி வரம்பைத் தாண்டியவை 2ம் இருந்தால், ஓஷா விகிதம் 1.0, ஐஎஸ் விகிதம் ஏறத்தாழ 1.67. குறைவான காயங்களுக்குப் பெரிய எண் வருகிறது. அடிப்படையைக் குறிப்பிடாமல் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுவது அறியாமை. வசதியான எண்ணை மட்டும் காட்டுவது அதைவிட மோசம்.

தொழில்நோயைப் பொறுத்தவரை இரண்டும் திருப்தி தருவதில்லை. இந்தியச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஈய நச்சு, சிலிக்கா தூசியால் நுரையீரலில் வரும் சிலிகோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு என்று பட்டியலிட்டுப் பேசுகிறது. ஓஷாவுக்கு அத்தகைய மூடிய பட்டியல் இல்லை. வேலையால் உண்டானதா, வேலையால் மோசமானதா என்பதே கேள்வி என்பதால், மூட்டை தூக்கியதால் வந்த முதுகுவலிக்கும் அங்கே இடமுண்டு. எனினும் கேட்புத்திறன் சோதனையே நடத்தாத ஆலையில் இரண்டு ஏடுகளும் ஒரேபோல் வெறுமையாக இருக்கும்.

ஆகவே அடிப்படை ஏடாக இவற்றில் எதையும் பரிந்துரைக்க முடியவில்லை. முதலுதவி அறைக்கு வரும் ஒவ்வொரு காயத்தையும், சிராய்ப்பானாலும், அந்த ஷிப்டிலேயே எழுதும் ஒரு மூல ஏடு வேண்டும். நேரம், இயந்திரம், உடல் பாகம், அளித்த சிகிச்சை, மறுநாள் செய்த வேலை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தால், படிவம் 11, அரசு அறிவிப்பு, தலைமையகத்தின் ஓஷா ஏடு மூன்றையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம். அது நோட்டிலா எக்செல்லிலா என்பது இரண்டாம்பட்சம். ஓஷாவிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம்: ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் வரை ஏட்டைப் பாதுகாப்பதோடு, காயத்தின் நிலை பின்னர் மோசமானால் பழைய வரியையே திருத்துவது.

அந்த மூல ஏட்டில் ஒப்பந்தத் தொழிலாளிகளின் பெயரும் இருந்தாக வேண்டும். ஒப்பந்ததாரர் வழியே வந்தவரும் தொழிலாளியே என்றது தொழிற்சாலைகள் சட்டம். அன்றாடம் மேற்பார்வை செய்பவரே பதிய வேண்டும் என்கிறது ஓஷா. ‘அது கான்ட்ராக்டர் ஆள்’ என்று சொல்லி ஒதுக்க இரண்டில் எதுவும் இடம் தரவில்லை.