லேபிள் கவர் முதல் ஊசி டிடெக்டர் வரை: பனியன் கம்பெனியில் போக்கா-யோகே, நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆள் ஒரு நொடி அசந்தாலும் தவறு நடக்க முடியாதபடி, மீறி நடந்தால் அந்த இடத்திலேயே பிடிபடும்படி வேலையை அமைக்கும் முறைக்குப் பயிற்சி வகுப்புகளில் ‘போக்கா-யோகே’ என்று பெயர். அங்கே காட்டும் படங்கள் பெரும்பாலும் கார் தொழிற்சாலையில் எடுத்தவை. தையல் லைனில் பல வருஷம் இவற்றை வைத்து ஓட்டிய பிறகு எது நிலைத்தது, எதை ஆட்கள் ஓரங்கட்டினார்கள் என்று எழுதினால், சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்களுக்குப் பயன்படும்.

என் கணக்கில் முதலிடம் லேபிள் கவருக்கு. குழந்தைகள் உடுப்பில் 3-6 மாதம், 6-9 மாதம் என்று சைஸ் லேபிள்கள் ஒரே நிறம், ஒரே அளவு. எண் மட்டும்தான் வேறு. வெட்டிய லேபிள்களை டெய்லர் டேபிளில் குவியலாகக் கொட்டிவிட்டால், போன சைஸின் மிச்சம் நாலைந்து எப்படியும் மூலையில் கிடக்கும். அடுத்த பண்டலில் அது ஏறிவிடும். இப்போது 20 பீஸ் பண்டலோடு 20 லேபிளை எண்ணிப் போட்ட கவரைக் கட்டியே அனுப்புகிறோம். பண்டல் டிக்கெட்டும் கவரும் சைஸுக்கு ஒரு நிறம். பண்டல் முடியும்போது கவர் காலியாக இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் லேபிள் இல்லாத பீஸ் ஒன்று அந்த இருபதுக்குள்ளேயே இருக்கிறது. டெய்லருக்குக் கூட நின்று உதவும் கைமடி அப்போதே பிரித்துத் தேடி எடுத்துவிடுவார். இதே குறை பேக்கிங்கில் தெரிய வந்தால், ஒட்டிய அட்டைப்பெட்டிகளை எல்லாம் கிழிக்க வேண்டும்.

டொயோட்டாவுக்கு ஆலோசகராக இருந்த ஷிகியோ ஷிங்கோ 1961-ல் யமாடா எலக்ட்ரிக் என்ற நிறுவனத்தில் செய்ததும் இதேதான். ஒரு சின்ன சுவிட்சின் இரண்டு பட்டன்களுக்கு அடியில் ஒவ்வொரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். பெரிய பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வைத்ததால் சில சுவிட்சுகள் ஸ்பிரிங் இல்லாமலே வெளியே போயின. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சின்னத் தட்டில் எடுத்து வை, அப்புறம் கோர்க்கத் தொடங்கு என்று வேலையை மாற்றினார். கடைசியில் தட்டில் ஸ்பிரிங் கிடந்தால் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியும். இந்தத் துறையில் நான் அறிந்தவற்றில் மிக அழகான தீர்வு இது. செலவு ஒரு தட்டு. எங்களுக்குச் செலவு ஒரு பிளாஸ்டிக் கவர்.

இதன் பலவீனம் ஸ்டோரில் இருக்கிறது. அங்கே எண்ணிக்கை தவறினால் கவரும் பொய் சொல்லும். அதற்காக 20 கட்டம் போட்ட அட்டையில் லேபிளைப் பரப்பி, எல்லாக் கட்டமும் நிறைந்த பிறகே கவருக்குள் தள்ளுகிறார்கள். வாயால் எண்ணும் வேலையே இல்லை.

அடுத்து ஊசி. இது குழந்தையின் உடம்பில் படும் துணி, அதனால் இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை. ஓவர்லாக் தையல் மிஷினில் ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்தி, காந்தம் வைத்துத் தேடி, எல்லாத் துண்டையும் சேர்த்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகள் சேர்ந்து முழு ஊசி ஆனால்தான் புது ஊசி. துண்டு குறைந்தால் அந்தப் பண்டலும் சுற்றி இருந்த பீஸ்களும் லைனை விட்டுத் தனியாகப் போகும். பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்பதால், டெய்லரிடம் உபரி ஊசி இருக்கவே வழியில்லை. காகிதத்தில் பிசிறில்லாத ஏற்பாடு.

ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. எழுந்து, ஹாலின் கோடி வரை நடந்து, ஊசி கொடுப்பவர் வரும்வரை நின்றுவிட்டுத் திரும்பினால் அன்றைய சம்பளத்தில் துண்டு விழும். அதனால் பர்ஸிலும் டேபிள் டிராயரிலும் வெளியில் வாங்கிய ஊசி ஒளிந்திருக்கும். பல கம்பெனிகளில் இதற்கு மெமோ கொடுக்கிறார்கள், பலன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பலன் தந்தவை இரண்டு மாற்றங்கள். டெய்லர் எழ வேண்டாம். மிஷின் மேலிருக்கும் சிவப்புக் கொடியை நிமிர்த்தினால் ஊசித் தட்டோடு ஆள் அங்கேயே வருவார். தேடும் நேரத்துக்கு ஈடாகப் பீஸ் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அதற்குப் பிறகு “அண்ணா, ஊசி போச்சு, வாங்க” என்று அவர்களே தயங்காமல் கூப்பிடுகிறார்கள். தொழிலாளியின் கூலியைக் கடிக்கிற எந்தத் தடுப்பு முறையும் நிலைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கடைசி அரணாகக் கன்வேயர் ஊசி டிடெக்டர் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை என்றாலும் குழந்தைகள் உடுப்புக்கு இது இல்லாமல் முடியாது. இரும்பைக் கண்டதும் பெல்ட் நின்று பின்னால் ஓடும். வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இந்த மிஷினையே சோதிக்காவிட்டால் அது வெறும் பெல்ட்தான். 1.0 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த சோதனை அட்டையை இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் கீழே, நடுவே, மேலே என்று மொத்தம் ஒன்பது நிலையில் விட்டுப் பார்க்கிறோம். ஒன்பதிலும் நிற்க வேண்டும். ஒன்றில் தப்பினாலும், போன சோதனைக்குப் பிறகு கடந்த எல்லாப் பீஸும் மறுபடி உள்ளே போகும். இதனால்தான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதிக்கிறோம். இடைவெளி நீண்டால், திரும்ப அள்ள வேண்டிய பீஸ் குவிந்துவிடும். கார் உதிரிபாகத் தொழிலுக்கான ஐஏடிஎஃப் 16949 தரநிலையும் தவறுதடுப்புக் கருவிகளைச் சோதித்துப் பதிவு வைக்கச் சொல்கிறது. நம் தொழிலிலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

டிடெக்டருக்கு வினை ஸ்நாப் பட்டனால் வரும். இரும்பு கலந்த பட்டன் வந்துவிட்டால் பீஸுக்குப் பீஸ் பெல்ட் நிற்கும். ஷிப்மெண்ட் அவசரத்தில் யாராவது சென்சிடிவிட்டியைக் குறைக்கப் பார்ப்பார்கள். பட்டன் ஆர்டர் போடும் முன்பே சாம்பிளை டிடெக்டரில் விட்டுப் பார்ப்பதும், பேனல் சாவியைத் தரப் பிரிவிலேயே வைத்துக்கொள்வதும் இதற்கு மருந்து. அறைக்கு ஒரு பக்கம் மட்டும் நுழைவு, மறு பக்கம் மட்டும் வெளியேற்றம். சோதிக்காத பீஸ் பேக்கிங் டேபிளுக்குப் போக வேறு பாதையே கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டிங்கில் கைப்பகுதியின் ஓரத்தில் அடையாளமாக நாட்ச் என்ற சின்ன வெட்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு போடுவது பழைய வழக்கம், தங்கமான வழக்கம். கை திரும்பிப் போவது ஏறக்குறைய நின்றுவிடும். துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரை மிஷினில் மாட்டினால் புது டெய்லருக்கும் அகலம் ஒரே சீராக வரும், ஆனால் துணியின் கனம் மாறும்போது ஃபோல்டரையும் மாற்றியாக வேண்டும். பேக்கிங்கில் கவர் ஸ்டிக்கரையும் பெட்டி ஸ்டிக்கரையும் ஸ்கேன் செய்து, பொருந்தாவிட்டால் அடுத்த ஸ்டிக்கரே அச்சாகாதபடி வைத்திருக்கிறோம், நன்றாக ஓடுகிறது. நான் பரிந்துரைக்காத ஒன்று, தவறு நடந்தால் பஸ்ஸர் மட்டும் அடிக்கும் ஏற்பாடு. தையல் மிஷின்கள் ஓடும் பவர் டேபிள் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது, விழுந்தாலும் பழகிப்போகும். முடிந்த இடத்தில் எல்லாம் வேலையையே நிறுத்துகிற முறையைப் போடுங்கள்.

இன்னும் தீராத ஒன்று ஷேடு ஸ்டிக்கர். ஒரே ஷேடு, அதாவது ஒரே நிறச் சாயல், சேரட்டும் என்று வெட்டிய ஒவ்வொரு துணி லேயருக்கும் எண் ஒட்டுகிறோம். முன்பாகம் 14 என்றால் பின்பாகமும் கையும் 14-தான். ஷேடு கலப்பு இதனால் வெகுவாகக் குறைகிறது. ஆனால் தைத்து முடிந்தபின் அந்த ஸ்டிக்கர்களை உரிக்க வேண்டுமே, சில சமயம் உடுப்பின் கைக்குள்ளே ஒன்று தங்கிவிடுகிறது. கண்ணில் படும் நியான் நிறத்தில் மாற்றினோம். ஒரு பீஸிலிருந்து உரித்த ஸ்டிக்கர்களைக் கட்டம் போட்ட தாளில் ஒட்டி, கட்டம் நிறைந்த பிறகே பீஸைத் தள்ளும்படி செக்கிங் டேபிளில் இப்போது முயன்று பார்க்கிறோம். செக்கிங் அக்காக்களுக்கு இது கூடுதல் வேலை, அதனால் அவர்கள் ரேட்டையும் சேர்த்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.