பயிர், மீன், வேட்டை: நான்கு கணினி விளையாட்டுகளும் அவை கேட்கும் நேரமும்

உழவும் மீன்பிடியும் வேட்டையும் வெவ்வேறு தொழில்கள் என்றாலும், அவற்றைக் கணினித் திரைக்குக் கொண்டுவர முனையும் வடிவமைப்பாளர்கள் எல்லோருக்கும் முதலில் எதிர்ப்படுவது ஒரே சிக்கல்தான்: இத்தொழில்களில் பெரும்பாலான நேரம் எதுவுமே நடப்பதில்லை. நெல் விளைய மூன்று நான்கு மாதங்கள் செல்லும். தூண்டில் போட்டவர் மணிக்கணக்கில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வேட்டைக்குப் போனவர் காலடித் தடங்களோடு நாளைக் கழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். இந்த வெறும் நேரத்தை ஒரு விளையாட்டு எப்படிக் கையாள்கிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். படத்தின் துல்லியமும் ஆயுதங்களின் எண்ணிக்கையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஸ்டார்டியூ வேலி, ஃபார்மிங் சிமியுலேட்டர் 25, ட்ரெட்ஜ், த ஹன்டர்: கோல் ஒஃப் த வைல்ட் ஆகிய நான்கையும் இந்த அளவுகோலை முன்வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன். கொழும்பில் வாங்கி விளையாடுபவருக்கு விலையும் மின்சாரமும் கணினியின் வலுவும் சேர்ந்தே கணக்கில் வருவதால், அவற்றையும் உரிய இடங்களில் தொட்டுச் செல்கிறேன்.

2016 பெப்ரவரியில் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி, எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நிரல், ஓவியம், இசை, கதை அனைத்தையும் தாமே செய்து முடித்த ஆக்கம். தாத்தா விட்டுச்சென்ற பாழடைந்த பண்ணையைத் திருத்திப் பயிரிடுவதே கதை. இதில் நேரம் மிகக் கண்டிப்பானது. விளையாட்டின் பத்து நிமிடம் நம் கடிகாரத்தில் ஏறத்தாழ ஏழு விநாடிகள். காலை 6 மணிக்கு எழும் உழவர் பின்னிரவு 2 மணிக்குள் படுக்கைக்குப் போகாவிட்டால் மயங்கி விழுவார். ஆக ஒரு முழு நாள் நம் கணக்கில் சுமார் 14 நிமிடங்கள். ஒரு பருவத்துக்கு 28 நாட்கள். பருவம் மாறும் காலையில், புதிய பருவத்துக்கு ஒவ்வாத பயிர் அனைத்தும் வாடிக் கிடக்கும். பன்னிரண்டு நாளில் விளையும் பூக்கோவாவை வசந்தத்தின் 16ஆம் நாள் நட்டவர் கடைசி நாளில் அறுவடை செய்துவிடுவார். 17ஆம் நாள் நட்டவர், வளர்ச்சியை விரைவுபடுத்தும் உரம் இடாதவரை, விதைக்குக் கொடுத்த காசையும் இழப்பார். காத்திருப்பு முழுவதையும் சுருக்கிவிட்டு, அதற்குப் பதிலாக நாட்காட்டியை நம் தலைக்கு மேல் தொங்கவிடுவதே இதன் உத்தி. அமைதியான விளையாட்டு என்று பலரும் இதற்குச் சான்று கொடுத்தாலும், தண்ணீர் ஊற்றவும் மாட்டைத் தடவிக்கொடுக்கவும் கடை மூடுமுன் விதை வாங்கவும் ஓடும் ஓட்டத்தில் அவ்வளவு அமைதி எனக்குத் தென்படவில்லை.

கொழும்பு விளையாட்டாளர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கணினிப் பதிப்பில் உழவர் படுத்துறங்கும்போது மட்டுமே ஆட்டம் சேமிக்கப்படும். 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இதை விளையாடியவர்கள் மாலை நேரத்து அறுவடையோடு முழு நாளையும் இழக்கும் நிலையில்தான் இருந்தார்கள். மின்சாரம் இன்று அந்த அளவுக்குத் துண்டிக்கப்படாவிட்டாலும் மழைக்காலத்தில் அந்த அச்சம் முற்றாக நீங்கிவிடவில்லை. கைத்தொலைபேசிப் பதிப்பு நாளின் நடுவில் வெளியேறினாலும் விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பதால், மேற்கண்ட தொல்லை அங்கே இல்லை. கணினியிலும் 2 ஜிபி நினைவகமும் 500 எம்பி இடமும் போதும் என்பதால், வீட்டின் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியே தாராளம்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது சுவிட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ஃபார்மிங் சிமியுலேட்டர் 25. இங்கே நேரத்துக்கு விளையாடுபவரே எசமான். ஒரு மாதத்தில் எத்தனை நாட்கள் இருக்க வேண்டும், கடிகாரம் எத்தனை மடங்கு விரைவாக ஓட வேண்டும் என்பதை அவரே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வயலை உழுது முடிக்க வேண்டுமென்றால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அங்கிருந்து இங்குமாக உழவு இயந்திரத்தை ஓட்டியே தீர வேண்டும், அல்லது கூலிக்கு ஆளமர்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பயிரின் காத்திருப்பைச் சுருக்கிக்கொள்ளலாம், வேலையின் நீளத்தை அவ்வளவு எளிதாகச் சுருக்க முடியாது. ஸ்டார்டியூவில் பயிருக்கு நீர் ஊற்றுவது ஒரு சொடுக்கு. இங்கே கலப்பையை இயந்திரத்தின் பின்னால் கொண்டுபோய்ப் பூட்டுவதே தனியொரு வேலை. இது சலிப்பூட்டும் என்பாரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் சலிப்பை மறைக்காமல் தொழிலின் ஒரு பகுதியாகவே முன்வைக்கும் நேர்மை இதற்கு உண்டு.

நம்மவர்களுக்கு இந்தப் பதிப்பில் தனி ஈர்ப்பும் இருக்கிறது. கோதுமையும் சோளமும் கிழங்குமாகவே இருந்த இத்தொடரில் முதன்முறையாக நெல் வந்திருக்கிறது; கிழக்காசிய நிலக்காட்சியோடு கூடிய ஹூதான் பந்தாய் என்ற வரைபடமும், எருமைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. வரம்பு கட்டிய வயலுக்குள் நீரை ஏற்றி, நாற்று நடும் இயந்திரத்தால் நிரை நிரையாக நட்டுச் செல்லும்போது, வன்னியிலோ மட்டக்களப்பிலோ வயலுள்ள குடும்பத்தில் பிறந்து வெள்ளவத்தை அடுக்குமாடியில் வாழ்பவருக்கு அது முற்றிலும் அந்நியமாக இராது. வடக்கிலும் கிழக்கிலும் பழகிப்போன மெசி பெர்கூசன் பெயரையும் இயந்திரக் கடையில் காணலாம், ஆனால் அங்கே நிற்பவை நம் வயல்களில் ஓடும் சிறிய சிவப்பு இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள். உரமிடாத வயலில் விளைச்சல் குறைவதையும் விளையாட்டு கணக்கெடுக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதைக் கண்ட நாட்டவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

எனினும் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. ஆலங்கட்டி மழையும் சுழற்காற்றும் வந்து பயிரைக் குலைக்கும் இந்த உலகத்தில், யானையோ காட்டுப்பன்றியோ குரங்கோ மயிலோ ஒருபோதும் வயலில் இறங்குவதில்லை. இரவுக் காவல் என்பதே இல்லாத வேளாண்மை நமக்குப் பாதி வேளாண்மைதான். அவ்வகையில், வெருளி வைக்காவிட்டால் காகம் வந்து பயிரைத் தின்றுவிடும் ஸ்டார்டியூவின் பொம்மைப் பண்ணை, விலங்குக்கும் உழவருக்கும் இடையிலான இழுபறியை இந்தப் பெரிய இயந்திர உலகத்தைவிடக் கூடுதலாக அறிந்திருக்கிறது.

மீன்பிடிக்கு வருவோம். ஸ்டார்டியூவின் தூண்டில், விரல்களின் வேகத்தைச் சோதிப்பது: மேலும் கீழும் துள்ளும் மீனைப் பச்சைப் பட்டைக்குள் வைத்திருக்க வேண்டும். எந்த மீன் எங்கே, எப்போது கிடைக்கும் என்பதில் மட்டும் தொழிலறிவு வேண்டும். கெளுத்தி வேண்டுமென்றால் வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ மழை பெய்யும் நாளில் ஆற்றுக்குப் போக வேண்டும். நியூசிலாந்தின் பிளக் சோல்ட் கேம்ஸ் 2023 மார்ச்சில் வெளியிட்ட ட்ரெட்ஜ், இதைவிட நுட்பமான வேலையைச் செய்கிறது. அதில் சிறு படகொன்றோடு தீவுகளுக்கிடையே மீன்பிடிக்கிறோம். படகு நின்றால் கடிகாரமும் நிற்கும். படகு நகரும்போதும் மீனை இழுக்கும்போதும் மட்டுமே நேரம் ஓடும். ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் பகல்வெளிச்சத்திலிருந்து ஒரு துண்டைக் கொடுத்தே வாங்குகிறோம். இருட்டிய பிறகும் கடலில் நிற்பவருக்கு மனக்கலக்கம் ஏறும். பகலில் இல்லாத பாறை திடீரென எதிரே முளைக்கும். ஆனால் இரவில் மட்டும் கிடைக்கும் மீன்களும், உருக்குலைந்த விகார மீன்களுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையும் அவரைக் கரைக்குத் திரும்பவிடாது.

படகின் கொள்ளிடத்தை இந்த விளையாட்டு எப்படிக் கையாண்டிருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கொள்ளிடம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு மீனுக்கும் தனக்கெனக் கோணல்மாணலான ஒரு வடிவம் உண்டு. விலாங்கை நெட்டுவாக்கில் செருகி, தட்டை மீனைத் திருப்பி வைத்து, மிஞ்சிய மூலைக்குள் ஒரு சிறுமீனை ஒதுக்கியபின், அடுத்த மீனுக்கு இடமில்லாமல் எதைக் கடலில் எறிவது என்று தடுமாறுவோம். இஞ்சினும் தூண்டிலும்கூட அதே கட்டங்களில்தான் இடம் கேட்கின்றன. பாறையில் மோதினால் ஒரு கட்டம் உடையும், அதிலிருந்த மீனும் போகும். பிடித்த மீன் நாள் செல்லச்செல்லப் பழுதாகி விலை இறங்கும். பேலியகொடை மீன்சந்தையில் விடியுமுன் நடக்கும் பேரத்தைக் கண்டவர், மீனவர் ஏன் நேரத்தோடு போராடுகிறார் என்பதை அறிவார். எனக்குத் தெரிந்த விளையாட்டுகளில் அந்தப் போராட்டத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்னது வேறில்லை. கதை ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் முடிந்துவிடுவதும், துறையில் படகைக் கட்டும்போதெல்லாம் ஆட்டம் சேமிக்கப்படுவதும் இதன் கூடுதல் நன்மைகள். நான்கில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால் நான் எடுப்பது இதைத்தான்.

வேட்டைக்கு, 2017 பெப்ரவரியில் வெளிவந்த த ஹன்டர். இது காத்திருப்பைச் சுருக்கவுமில்லை, அதற்கு மாற்று தேடவுமில்லை. அதையே முழு விளையாட்டாக விரித்திருக்கிறது. ஜெர்மனியை மாதிரியாகக் கொண்ட ஹிர்ஷ்ஃபெல்டன் காட்டில் செம்மான் ஒன்றைத் தொடர்பவர், முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். அவருடைய வாடை விலங்கின் மூக்குக்கு எட்டினால் அரைமணி நேர ஊர்தல் வீணாகும். விலங்குகள் நீர் குடிக்கவும் மேயவும் படுக்கவும் தனித்தனி இடமும் வேளையும் வைத்திருக்கின்றன. ஒரே இடத்தில் மேலும் மேலும் சுட்டால் அவை அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். சுட்ட பின்பும் வேலை முடியாது: இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து உடலைக் கண்டெடுத்தால், குண்டு எந்த உறுப்பைத் துளைத்தது, அந்த விலங்குக்கு அது பொருத்தமான குண்டுதானா என்பதையெல்லாம் விளையாட்டு எடைபோடும். இந்தக் கண்டிப்பைப் பாராட்டவே செய்கிறேன். ஆனால் நேபாளத்தை மாதிரியாகக் கொண்டு தனி விலைக்கு விற்கப்படும் சுந்தர்பட்டன் காட்டில் வங்கப் புலியும் பனிச்சிறுத்தையும் சுடப்படுவதற்கு உரியவையாக உலவுவது, 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள நாட்டிலிருந்து பார்க்கையில் உவப்பாக இல்லை. துப்பாக்கியை வைத்துவிட்டுத் தொலைநோக்கியோடு மட்டும் அந்தக் காட்டில் நடக்கலாம் என்பது ஓரளவு ஆறுதல்.

சாகசமும் வேண்டும் என்பவர்கள் வழக்கமாக ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐ முன்மொழிவார்கள். 1899ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழும் அதில் வேட்டையும் தூண்டிலும் உண்மையிலேயே நன்றாக அமைந்திருக்கின்றன. தோலின் தரம் மூன்று நட்சத்திரங்களால் அளக்கப்படுகிறது, குதிரையில் ஏற்றிய உடல் நாளாக ஆக அழுகுகிறது. ஆனால் கொள்ளைக்கூட்டத்தின் கதைதான் அங்கே பிரதானம், வேட்டை ஓய்வு நேரத்து வேலை. கணினியில் 150 ஜிபி இடமும் வேண்டும்; டேட்டாப் பொதி முடியுமுன் பதிவிறக்கிவிடலாம் என்று நம்புவோர் அதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பகலில் முக்குளித்து மீன்பிடித்து இரவில் அதே மீனைச் சுஷிக் கடையில் பரிமாறும் டேவ் த டைவர் இலகுவானது, கலகலப்பானது. ஆனாலும் புதிது புதிதாக எதையாவது நம் கையில் திணித்து, காத்திருக்கவே விடுவதில்லை.

இவற்றில் எதிலும் தமிழில் விளையாடும் வசதி இல்லை. ஃபார்மிங் சிமியுலேட்டரையும் த ஹன்டரையும் குறைந்த ஆங்கிலத்தோடு சமாளித்துவிடலாம். ஸ்டார்டியூவின் ஊர்மக்களும் ட்ரெட்ஜின் மர்மக் கதையும் வாசிப்பைக் கோருபவை. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குவதென்றால் ஸ்டார்டியூவை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லும் ஏற்பாட்டோடு வாங்கலாம். ட்ரெட்ஜின் இரவுகள் அந்த வயதுக்கு உகந்தவை அல்ல.

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இலங்கையருக்கு விலை டொலரிலேயே காட்டப்படுகிறது. வெளிவந்தபோது இருந்த அமெரிக்க விலைப்படி ஸ்டார்டியூ 14.99, ட்ரெட்ஜ் 24.99, ஃபார்மிங் சிமியுலேட்டரின் 25ஆம் பதிப்பு 49.99 டொலர். த ஹன்டரின் அடிப்படைப் பதிப்பு அடிக்கடி பெருந்தள்ளுபடிக்கு வந்தாலும், புதிய காடுகள் ஒவ்வொன்றாக விலைபோடப்பட்டிருக்கும். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த இரண்டு மணி நேரம் நான்கு விளையாட்டுகளுக்கும் ஒரே அளவானது அல்ல. ஸ்டார்டியூவில் அதற்குள் முதல் அறுவடையே வீட்டுக்கு வந்துவிடும். ட்ரெட்ஜில் முதல் இரவையும் கண்டுவிடலாம். ஃபார்மிங் சிமியுலேட்டரில் இயந்திரங்களைப் பூட்டக் கற்பதற்கே அந்த நேரம் சரியாகும். த ஹன்டரில் ஒரு மானைக்கூடக் காணாமல் அந்த அவகாசம் தீர்ந்துபோக இடமுண்டு. ஆகவே அதை மட்டும் தள்ளுபடி வரும்வரை விட்டுவைத்து, அடிப்படைப் பதிப்போடு தொடங்கி, ஹிர்ஷ்ஃபெல்டன் காடு அலுத்த பிறகே அடுத்த காட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும்.