டிமென்ஷியா வந்த பெற்றோரை எங்கே வைத்துப் பார்ப்பது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், தமிழ்நாட்டில் வசதி ஓரளவு உள்ள குடும்பங்கள் மூன்று வழிகளை யோசிக்கின்றன. ஏஜென்சியில் ஆள் எடுத்து வீட்டிலேயே பார்ப்பது ஒன்று. கோயம்புத்தூரிலும் சென்னைப் புறநகரிலும் பெருகியிருக்கும், முதியவர்களுக்கென்றே கட்டிய சீனியர் லிவிங் குடியிருப்பில் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, டிமென்ஷியாவுக்கென்றே நடக்கும் இல்லம். பெரும்பாலும் மாதச் செலவையும் கட்டடத்தையும் வைத்து முடிவெடுக்கிறோம். நான் ஒப்பிடச் சொல்வது சாயங்காலத்திலிருந்து விடியும்வரை அங்கே என்ன நடக்கிறது என்பதை.

இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் தவிப்பு கூடும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "என் வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். ராத்திரி தூங்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார்கள். காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் எந்த இடமும் நன்றாகத்தான் தெரியும்.

ஆரம்ப கட்டத்தில் வீட்டை மிஞ்ச எதுவும் இல்லை. பழகிய அடுப்படி, பூஜை அறை, தெரு என்று எல்லாமே அவர்களுக்குத் துணை. ஆனால் '24 மணி நேர ஆள்' என்று ஏஜென்சி அனுப்புவது பெரும்பாலும் ஒருவரைத்தான். பகல் முழுக்கப் பார்த்தவர் ராத்திரியும் விழித்திருக்க முடியுமா? இரண்டு பேர் வைத்தால் செலவு இல்லத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்புறம், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பாவிட்டால் புது முகம் வரும். மறதியில் இருப்பவருக்குப் புது முகம் என்றாலே பயம்.

சீனியர் லிவிங் ஒரு சூழ்நிலையில் மிக நல்லது: அப்பாவுக்கு நோய், அம்மா நன்றாக இருக்கிறார் என்றால். அம்மாவுக்குச் சமையல் பாரம் இல்லை, பேச நாலு பேர் இருப்பார்கள், அப்பாவும் பக்கத்திலேயே இருப்பார். ஆனால் இவற்றில் பல, நடமாட்டமாக உள்ள பெரியவர்களுக்காகக் கட்டியவை. 'மெமரி கேர்' (மறதி நோய் உள்ளவர்களுக்கான பராமரிப்பு) என்று விளம்பரத்தில் இருந்தால், அதற்குத் தனிப் பகுதியும் தனி ஆட்களும் உண்டா என்று பாருங்கள். நோய் முற்றி அவர் சத்தம் போட்டால், அலைந்தால், அழைத்துப் போகச் சொல்வார்களா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

டிமென்ஷியா இல்லங்களுக்குள்தான் வித்தியாசம் அதிகம். ஓர் இல்லத்துக்கு ஆறு மணி வாக்கில் போயிருந்தேன். ஒரு பாட்டி கைப்பையோடு வாசலில் நின்று, பையன் ஸ்கூலிலிருந்து வந்துவிடுவான், நான் போகணும் என்று பதறினார். பையனுக்கு வயதாகிவிட்டது என்று அங்கிருந்த பணிப்பெண் திருத்தவில்லை. "போலாம்மா, அவனுக்கு டிபன் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டபடி கையைப் பிடித்து நடந்தார். முற்றத்தைச் சுற்றி வருவதற்குள் பாட்டி அடைக்கு எத்தனை மிளகாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சி என்பது இதுதான்.

இன்னோர் இடத்தில் அதே நேரத்துக்கு எல்லோரும் வரிசையாக டிவி முன்னால் தலை தொங்க உட்கார்ந்திருந்தார்கள். "இங்க யாரும் தொந்தரவே பண்ண மாட்டாங்க" என்றார் பொறுப்பாளர். மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு அது கவலையைத்தான் தந்தது. மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. என்ன மாத்திரை, யார் எழுதியது, எப்போது குறைப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திடீரென்று ஒருவரின் குழப்பம் கூடினால் முதலில் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி என்று உடம்பைச் சோதிப்போம் என்றால் விஷயம் தெரிந்தவர்கள். மாத்திரையைக் கூட்டுவோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மொழியையும் கவனியுங்கள். நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவி, தாய்மொழியே மிஞ்சுவது உண்டு. ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், 'வயித்த வலிக்குது' என்று சொன்னாலும் போய்ச் சேராது.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக: டயபர், மருந்து, டாக்டர் வருகை, தனி ஆள் எல்லாம் மாதத் தொகைக்குள் வருமா, படுக்கையோடு ஆனபின் எவ்வளவு ஏறும், டெபாசிட் எப்போது திரும்பும் என்று எழுதி வாங்குங்கள்.

ராத்திரி அலைகிற கட்டம் வந்துவிட்டால், தூரத்து ஊரின் பெரிய வளாகத்தைவிட, அரை மணியில் போய்வரக்கூடிய சிறிய டிமென்ஷியா இல்லத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க முடிகிற தூரம் மிகப் பெரிய பாதுகாப்பு. நிரந்தரமாகச் சேர்ப்பதற்குமுன் சில வாரம் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். சேர்க்கும்போது ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், காபிக்கு எவ்வளவு சர்க்கரை, குளிக்க எந்த நேரம் பிடிக்கும், எதைக் கண்டால் பயம். அதை ஆபீஸ் ஃபைலில் வைத்துவிடாமல் ராத்திரி டியூட்டிக்காரரிடம் உங்கள் எதிரிலேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.