சப்பாத்துக்குச் சோதனை, பெட்டிக்கு மிதி

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் போனால் சில ஆயிரம் ரூபாய்க்கு நைக்கி நிறுவனத்தின் ஜோர்டன் சப்பாத்து கிடைக்கும். எல்லாம் கொப்பி, விற்பவரும் அதை மறைப்பதில்லை. நான் தேடியது 2022 நவம்பரில் நைக்கி வெளியிட்ட ஏர் ஜோர்டன் 1 ‘லொஸ்ட் அன்ட் ஃபவுன்ட்’. கடை விலை 180 டொலர். வந்த வேகத்தில் முடிந்துவிட்டதால் இனிக் கைமாறித்தான் வாங்கலாம். (ஏர் ஜோர்டன் 1 முதன்முதலில் 1985இல் வந்தபோது 65 டொலர்தான் என்று நினைத்தால் வயிறு எரியும்.) அசலா என்று தாங்களே சோதித்து அனுப்பும் அமெரிக்க இணையச் சந்தை ஒன்றில் எடுத்தேன்.

சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்பவர் பார்சலை நேரே நமக்கு அனுப்ப முடியாது, முதலில் சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். பெட்டி லேபிளில் உள்ள மாடல் இலக்கமும் சப்பாத்துக்குள் இருக்கும் லேபிளில் உள்ளதும் ஒன்றா, தையல் சீராக ஓடுகிறதா, பசை மணம் எப்படி என்றெல்லாம் பார்க்கிறார்கள். இந்த மாடல் லேசுப்பட்டதல்ல. வேண்டுமென்றே பழசு போலச் செய்திருக்கிறார்கள்: கணுக்காலைச் சுற்றிய தோல் வெடித்திருக்கும், அடிப்பக்கம் மஞ்சள் பூத்திருக்கும், பெட்டி ஒரு மாதிரி மூடி ஒரு மாதிரி, உள்ளே பழைய கடை பில் போல ஒரு துண்டு. அம்மா பார்த்துவிட்டு, “ஆரோ போட்டுக் கழிச்சதையே இவ்வளவு காசு குடுத்து வாங்கினனீ?” என்றார்.

சோதனை முடிந்ததும் சிப் வைத்த அட்டை ஒன்றைச் சப்பாத்தில் கட்டிவிடுகிறார்கள். போனைக் கிட்டப் பிடித்தால் விவரப் பக்கம் திறக்கும். அட்டையை அறுத்தால் திருப்பி அனுப்ப முடியாது. அதுவும் நியாயம்தான்.

சரி, அங்கிருந்து வன்னிக்கு வருவதுதான் கதை. அந்தச் சந்தை இலங்கைக்கு அனுப்பாததால், அமெரிக்காவில் பார்சலை வாங்கி இங்கே அனுப்பும் ஒரு நிறுவனத்தின் முகவரியைக் கொடுத்தேன். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பார்கள். 40, 30, 20 என்றால் 4.8 கிலோ. தராசில் இரண்டு கிலோ காட்டினாலும் காசு 4.8க்குத்தான். அதைக் குறைக்க வெளிப்பெட்டியைக் கழற்றுவது இவர்கள் வழக்கம். கூடுதல் காசு போனாலும் பரவாயில்லை, கழற்ற வேண்டாம் என்று தெளிவாகக் குறித்திருந்தேன். கழற்றிவிட்டார்கள். முகவரி லேபிளைச் சப்பாத்துப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டி, கொழும்பு போய், ஏ9 வீதியில் லொறியில் குலுங்கி வந்து சேர்ந்தபோது இடது மூலை உள்ளே போயிருந்தது. லேபிளை உரித்தால் அச்சுத் தாளும் கூடவே உரிகிறது. பழசு போல அச்சடித்த பெட்டியை உண்மையாகவே பழசாக்கித் தந்திருக்கிறார்கள்.

சேர்த்து வைப்பவனுக்குப் பெட்டியும் சாமான்தான். அது நசிந்தால் விலை இறங்கும். அனுப்பிய நிறுவனத்திடம் கேட்டால், “சப்பாத்துக்குச் சேதமில்லையே” என்கிறார்கள். சந்தைக்காரரின் பொறுப்போ அமெரிக்க முகவரியில் பார்சல் இறங்கியதோடு முடிகிறது. திருப்பி அனுப்பும் நாட்கணக்கும் அன்றே தொடங்கி, இங்கே பெட்டியைத் திறக்கும்போது காலாவதியாகிவிடுகிறது.

இன்னொன்று. ஜோர்டன் 3, 4 பழைய ஜோடிகளை வாங்கப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். சோதிப்பவர்கள் அசல் என்று சொல்வார்களே தவிர, எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல மாட்டார்கள். அவற்றின் அடிப்பக்கத்தில் உள்ள பொலியூரித்தேன் என்ற நுரைப் பொருள் ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் வைத்திருந்தாலும்கூட. நம் வெயிலுக்கும் மாரிக்கும் கேட்கவே வேண்டாம். ஜோர்டன் 1இன் அடி ரப்பர் என்பதால் அந்தக் கவலை குறைவு.

சோதனைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், பார்சல் அனுப்பியவர்களுக்கு ஒன்று. அடுத்த ஜோடியை நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சான் வீட்டுக்கே அனுப்பச் சொல்லப்போகிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது சூட்கேசில் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் என் கால் அளவுதான், அது ஒன்றுதான் பயம்.